கூறையில் ஆறு பை

செம்பு இன்னும் கனகேஸ் அக்காவின் கையில்தான் இருந்தது. இப்போதைக்கு அது அங்கேயிருந்து அசையாது என்று சற்குணத்துக்குத் தெரியும், கனகேஸ் அக்கா வாயைத் திறந்தால் பஸ்ஸுக்கு நிற்கிற சனம்கூட அடுத்த பஸ்ஸில் போகலாம் என்று நின்றுவிடும். கதைக்கட்டும், ஆறுதலாகக் கதைக்கட்டும் என்று நினைத்தாள் சற்குணம், அதே மூச்சில் இந்த மனிசி கெதியாக முடிக்கமாட்டாளா என்றும் நினைத்தாள். மடியில் இருந்த சொப்பிங் பையை இரண்டு கையாலும் அமத்திப் பிடித்திருந்தாள், விட்டால் அது தானாகவே எழும்பி நடுப்பாயில் போய் விரிந்துவிடும் என்று பயந்தவள் மாதிரி. காலையிலிருந்தே அவள் நிலை இதுதான். சொதிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டாள். மனுசன் ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார், அவள் சிரித்தாள், என்ன சிரிப்பு என்று கேட்டார், ஒன்றுமில்லை என்று சொல்லி இன்னும் கூடச் சிரித்தாள். ஐம்பத்து நாலு வயதில் ஒருத்திக்கு நெஞ்சு இப்படி அடித்துக்கொள்ளலாமா, அதுவும் பிரஷருக்குக் குளிசை போடுகிறவளுக்கு? வருகிற வழியில் சைக்கிளை அவள் மிதித்தாளா, அது தானாக ஓடிவந்ததா என்றே தெரியவில்லை. பாயில் வந்து குந்திய பிறகுதான் யசிந்தா தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள், என்னவென்று பார்த்தால் கழுத்தில் அளவுநாடா தொங்கியபடி இருந்தது. தைத்துக்கொண்டிருந்த சட்டையை அப்படியே போட்டுவிட்டு எழும்பி வந்தவளுக்கு அதைக் கழற்ற நினைவில்லை. இப்போதும் கழற்றவில்லை. கையை எடுத்தால் பையை விட வேண்டும்.

முன்பள்ளிப் பிள்ளைகள் பன்னிரண்டரைக்கே போய்விடுவார்கள். புதன்கிழமைகளில் இரண்டு மணிக்கு அந்த மண்டபம் இவர்களுடையது. பிள்ளைகளின் சிவப்பு நீலக் கதிரைகள் சுவரோரம் அடுக்கியிருக்கும், அதில் எந்தப் பொம்பிளையும் அடங்கமாட்டாள், முதல் கிழமை கனகேஸ் அக்கா ஒன்றில் இருந்து பார்த்து, எழும்பும்போது கதிரையும் கூடவே எழும்பி வந்தது, அன்றைக்கே பாய் போட்டாயிற்று. பாயில் வட்டமாக எட்டுப் பெண்கள், எல்லோரும் யுத்தத்தில் ஊர் ஊராக இடம்பெயர்ந்து, முகாமில் கிடந்து, கடைசியில் இந்தக் குடியேற்றத்துக்கு வந்து சேர்ந்தவர்கள். ஒன்பதாவது ஆள் ரூபி மிஸ். உளவளத்துணையாளர் என்று அவளுடைய அட்டையில் போட்டிருக்கிறது, இவர்களுக்கு மிஸ். முதலில் ரூபி மிஸ் ஒரு நீலக் கரடிப்பொம்மையைக் கொண்டு வந்தாள். அது யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் கதைக்கலாம், மற்றவர்கள் கேட்க வேண்டும், குறுக்கே விழக்கூடாது, கதைக்க விருப்பமில்லை என்றால் 'பிறகு' என்று சொல்லிப் பக்கத்தாளிடம் கொடுக்கலாம். நல்ல சட்டம்தான். ஆனால் கரடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு செத்த பிள்ளையின் கதையை யார் சொல்லுவது? இரண்டு கிழமையும் எல்லோரும் பிறகு, பிறகு என்று கரடியை ஓடவிட்டார்கள். மூன்றாம் கிழமை கனகேஸ் அக்கா வீட்டிலிருந்து ஒரு பித்தளைச் செம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள். கதைக்கத் தொடங்கினால் தொண்டை காயும், தண்ணி வேணும், கரடியிட்டைத் தண்ணி இருக்கோ என்று மிஸ்ஸைக் கேட்டாள். அன்றிலிருந்து செம்புதான். யார் கையில் செம்போ அவர் கதைக்கலாம், அண்ணாந்து ஒரு மிடறு குடிக்கலாம், குடித்துவிட்டு அழலாம். பன்னிரண்டு கிழமையாகச் செம்பு சற்குணத்தின் கைக்கு வந்து, ஒரு சொல்லும் கேட்காமல் பிறகு என்று போய்க்கொண்டிருக்கிறது. இன்றைக்குப் போகாது. இன்றைக்குச் சொல்லியே தீருவாள். அதற்குள் செம்பில் தண்ணீர் முடியாமல் இருந்தால் சரி, கனகேஸ் அக்கா மூன்றாம் தரம் அண்ணாந்து குடிக்கிறாள், மனிசிக்கு என்ன தாகமோ.

போன புதன் மிஸ் சொல்லிவிட்டிருந்தாள், அடுத்த முறை வரும்போது எல்லாரும் ஒரு பொருள் கொண்டு வாங்கோ, எத்தனை இடம் மாறியும் விடாமல் காவிக்கொண்டு வந்த ஒரு பொருள். கனகேஸ் அக்கா ஒரு மூடி கொண்டு வந்திருந்தாள். அலுமினியப் பானையின் மூடி. "ஷெல் வந்து விழுகுது, எல்லாரும் ஓடு ஓடு எண்டு கத்தீனம், நான் சோத்துப் பானையைத் தூக்கிக்கொண்டுதான் ஓடினனான், ரெண்டு மைல் ஓடிப் போய்ப் பார்த்தா கையில மூடி! பானை அடுப்பிலயே நிக்குது! இவர் என்னைப் பார்த்தார், நான் மூடியைப் பார்த்தன்..." பெண்கள் சிரித்தார்கள், மிஸ்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சற்குணமும் சிரித்தாள், கொஞ்சம் அளவுக்கு மீறியே சிரித்தாள், அவளுக்கு இன்றைக்கு எதைத் தொட்டாலும் சிரிப்பாகவும் கண்ணீராகவும் வருகிறது. மூடிக்கே இந்தச் சிரிப்பென்றால், பையில் இருப்பதை எடுத்து விரித்தால் என்ன செய்வார்கள்? ஐயோ, அதன் சரிகை. பதினைந்து வருசமாக ஒரு மனிசருக்கும் காட்டாத சரிகை. தகர றங்குப் பெட்டியின் அடியில், பூச்சி அரிக்காமல் அந்துருண்டை போட்டு, மேலே பழைய கம்பளி போட்டு, அதற்கு மேலே மனுசனின் கிழிந்த சாரங்களைப் போட்டு வைத்திருந்தாள். வருசத்தில் ஒரு நாள், அவர் வேலைக்குப் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு எடுத்து, மடிப்பு மாற்றி மடிப்பாள். மடிப்பு மாற்றாவிட்டால் சரிகை ஒரே இடத்தில் ஒடிந்துபோகும். தையல்காரிக்கு இது தெரியும். தலைப்பில் மாங்காய் மாங்காயாக, கரையில் இரட்டைப் பேட்டுச் சரிகை வரி, நடுவிலே ஒரு அரக்கு நிறம், வெயில் பட்டால் அது என்ன நிறமென்று சொல்ல முடியாது. இன்றைக்கு எட்டுப் பேருக்கு முன்னால் விரிக்கப்போகிறாள். பயம் இருக்கிறதுதான், ஆனால் பாருங்கள், இப்படியொரு பொருளை நான் காப்பாற்றி வைத்திருக்கிறேன் என்று காட்டப்போகிற துடிப்பு அந்தப் பயத்தையும் தள்ளிக்கொண்டு முன்னுக்கு வருகிறது. வெட்கம் கெட்ட மனம்.

ஏனென்றால் அது அவளுடைய கூறை இல்லை. அதோ, வலது பக்கத்தில், தொடை இடிக்கிற தூரத்தில் இருக்கிறாளே லோசினி, அவளுடைய கல்யாணக் கூறைச் சேலை. கூட்டத்துக்கு லோசினி வரத்தொடங்கி மூன்று கிழமைதான் ஆகிறது. இத்தனை வருசமும் வவுனியாவில் தமையன் வீட்டில் இருந்துவிட்டு, காணியைத் துப்புரவாக்கப் பிள்ளைகளோடு வந்திருக்கிறாள். முதல் நாள் வாசலில் நின்று உள்ளே பார்த்தவள், "ஐயோ, தையல்கார அக்கா!" என்று ஓடிவந்து ஒரு கையால் கட்டிப் பிடித்தாள். மற்றக் கை, இடக்கை, தோளுக்கு மேலே எழும்பாது. கட்டிப் பிடித்தபடியே மற்றவர்களைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள், "இந்த அக்கா தைச்சுத் தந்த மூட்டையாலதான் நானும் பிள்ளையளும் இண்டைக்கு உசிரோட இருக்கிறம்." சற்குணத்துக்கு நிலம் ஒரு பக்கம் சாய்ந்தது. கனகேஸ் அக்கா விடுவாளா, அன்றிலிருந்து ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள், சற்குணம் மெஷினைச் சுழட்டியே எத்தனை குடும்பத்தைக் காப்பாற்றினவள் தெரியுமோ என்று. கடையில் வழிவிடுகிறார்கள். மனுசன்கூட ஒரு நாள், உனக்கு நல்ல பேர்தான் என்றார். நல்ல பேர். இரவில் அது தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. மூன்று மூட்டை, லோசினி, மூன்று மூட்டைதான் நான் தந்தது, ஆறு வந்திருக்க வேண்டும். இதைத்தான் சொல்ல வேண்டும். எப்படித் தொடங்குவது? 'லோசினி, இது உம்மட கூறை.' அது நல்ல தொடக்கம். பிறகு, 'வெட்ட எனக்கு மனம் வரேல்ல.' அதுவும் நல்ல வசனம். கேட்கிறவர்களுக்குப் பாவமாக இருக்கும். கல்யாணக் கூறையில் கத்தரி வைக்க எந்தத் தையல்காரிக்கு மனம் வரும், சொல்லுங்கள்? மனம் வரேல்ல. மனம் வரேல்ல. காலையிலிருந்து இருநூறு தரம் சொல்லிப் பார்த்துவிட்டாள், ஒவ்வொரு தரமும் அந்த இடத்தில் நூல் சிக்கிக்கொள்ளுகிறது.

செம்பு நகர்ந்தது. கனகேஸ் அக்காவுக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் 'பிறகு' என்றார்கள், நல்ல பிள்ளைகள், கும்பிடலாம். இப்போது யசிந்தாவிடம் வந்துவிட்டது. யசிந்தா, அடுத்தது லோசினி, அடுத்தது நான். எங்கேயோ அந்துருண்டை மணக்குதே என்று கனகேஸ் அக்கா மூக்கை உறிஞ்சினாள், கையில் செம்பு இல்லாவிட்டாலும் அவளுக்குக் கதைக்காமல் இருக்க முடியாது. சற்குணம் பையின் வாயை இன்னும் இறுக்கி முறுக்கினாள். அன்றைக்கு, யுத்தத்தின் கடைசிக் கிழமைகளில், மணத்தது வேறு. கடற்கரை மணல், புகை, அவிந்த துணி, சனத்தின் மணம். அந்த ஒடுங்கிய கரைக்குள் ஊர் முழுவதும் வந்து நெருக்கியடித்திருந்தது, மணலில் பங்கர் வெட்டினால் ஓரம் சரிந்து விழும், சுற்றி மூட்டை அடுக்க வேண்டும், உரப்பை கிடையாது, சாக்குக் கிடையாது. என்ன செய்வது, பெண்கள் பெட்டியைத் திறந்தார்கள். கோயிலுக்குக் கட்டின சேலை, சாமத்தியச் சேலை, நைலெக்ஸ், வொயில், பட்டு, எல்லாம் சற்குணத்தின் கை மெஷினுக்கு வந்தது. சைக்கிள் கரியலில் வைத்துக் கட்டி எட்டு இடம் காவி வந்த மெஷின் அது. ஒரு சேலை ஆறு யார் நீளம், ஒரு யாருக்கு ஒரு பை, மூன்று பக்கமும் இரட்டைத் தையல், ஆறு பை. தலையைக் குனிந்தபடி சுழட்டினாள், மெஷின் சத்தத்தில் ஷெல் குத்துகிற சத்தம் கொஞ்சம் தள்ளிக் கேட்கும். அந்த நாட்களில் மணலெல்லாம் நிறம் நிறமாக இருந்தது, மயில்கழுத்து நீலம், எலுமிச்சை மஞ்சள், ரோஸ், சூரியன் படும்போது கலியாண வீட்டுப் பந்தல் மாதிரி. இதைப் பார்த்துத் தான் ஒருநாள் அழகாக இருக்கிறதென்று நினைத்ததையும் அவள் யாருக்கும் சொல்லவில்லை. பக்கத்துத் தறப்பாள் கூடாரத்தில் லோசினி, இரண்டு பிள்ளைகளோடு. அவள்தான் கடைசியாகக் கொண்டு வந்தாள். வேறு ஒன்றும் இல்லையக்கா, இதுதான் இருக்கு, வெட்டுங்கோ. ஆறு பை வருமோ? ஓம், ஆறு வரும். லோசினி தடவிக்கூடப் பார்க்கவில்லை, கொடுத்துவிட்டுத் திரும்பாமல் போனாள்.

"இது என்ர மகளின்ட தேர்ச்சி அறிக்கை," என்றாள் யசிந்தா. சத்தமில்லாத குரல். பொலித்தீனில் சுற்றியிருந்த ஒரு சின்னப் புத்தகத்தை விரித்தாள். "ரெண்டு தவணையும் முதலாம் பிள்ளை. இஞ்ச பாருங்கோ, மூண்டாம் தவணை வெறுமையா இருக்கு." அவ்வளவுதான் சொன்னாள். புத்தகத்தை மூடி, ஒரு மிடறு குடித்து, வெறுமையா இருக்கு என்று இன்னொரு தரம் சொன்னாள். சுவரில் பிள்ளைகளின் அரிச்சுவடிப் படங்களில் ஆடு, இலை, ஈ எல்லாம் அப்படியே இருந்தன. சற்குணத்தின் கண் நிறைந்தது. யசிந்தா, நீ எவ்வளவு நேராகச் சொல்கிறாய், ஒரு பூச்சும் இல்லாமல். நான் மட்டும் மனம் வரேல்ல, மனம் வரேல்ல என்று துணியை மடித்து மடித்து ஓட்டையை மறைக்கிறேன். சரி சற்குணம், இவ்வளவு தூரம் வந்துவிட்டாய், நினைத்துப் பார். அன்றைக்குக் கத்தரிக்கோலை எடுத்தாய், கரையில் வைத்தாய், அதுவரை சரி. பிறகு என்ன செய்தாய்? தறப்பாளின் வாயை இழுத்து மூடினாய். கூறையை உதறி விரித்து, தோளில் போட்டு, தலைப்பை முன்னால் இழுத்துவிட்டு, குத்தூசி டப்பா மூடியில் இருந்த சின்னக் கண்ணாடியில் பார்த்தாய். ஷெல் விழுந்துகொண்டிருந்தது, நீ கண்ணாடி பார்த்தாய். உன்னுடைய கல்யாணம் தொண்ணூற்றைந்து இடப்பெயர்வில், ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், ஆரோ ஒருத்தியின் கூறையை இரவல் வாங்கிக் கட்டி நடந்தது, அடுத்த நாள் காலை அவளுடைய தாய் வாசலில் வந்து நின்றாள் திருப்பி வாங்க. மடித்துக் கொடுக்கும்போது நீ அழவில்லை. எத்தனை பொம்பிளைகளுக்குக் கல்யாணச் சட்டை தைத்தாய், எத்தனை கூறையை அளவு பார்க்கத் தொட்டாய், உனக்கென்று ஒன்று இல்லை. கண்ணாடியில் உன் முகம் வடிவாக இருந்தது. அதுதான், அவ்வளவுதான். மனம் வரேல்ல என்பது பொய், மனம் வந்தது, ஓடியோடி வந்தது, அது வேறு பக்கத்தால் வந்தது.

அதன் பிறகு கை தானாக வேலை செய்தது. உன்னிடம் ஒரு பழைய அரக்கு வொயில் இருந்தது, கிட்டத்தட்ட அதே நிறம், பாதி கிழிந்தது, அதில் மூன்று பைதான் வந்தது. பொழுதுபட்ட நேரம் பார்த்துக் கொண்டு போய்க் கொடுத்தாய். லோசினி கேட்டாள், ஆறு வரும் எண்டனீங்களே அக்கா? மழையில நனைஞ்ச துணி, சரிகைப் பக்கம் கத்தரி படப்பட நைஞ்சு போச்சு, தாங்காது என்றாய். சரியக்கா என்றாள், அப்போதே மணல் அள்ளத் தொடங்கிவிட்டாள். வேறு ஒரு கேள்வி இல்லை. மூன்றாம் நாள் விடிய ஷெல் விழுந்தது. நீ உன்னுடைய பங்கருக்குள் இருந்து தலையை நீட்டிப் பார்த்தபோது லோசினியின் பங்கர் வாசலில் புழுதி, வாசல் பக்கத்தில் மூட்டை இல்லாத இடைவெளி, மூன்று மூட்டை அளவு, அதற்குள் லோசினியைத் தூக்குகிறார்கள், இடக்கை தனியாகத் தொங்குகிறது. மருந்துக்கு எங்கேயோ கொண்டு போனார்கள், அதற்குப் பிறகு நீ அவளைக் காணவில்லை. கடைசியில் கையில் அகப்பட்டதோடு வெளியேறு என்றபோது ஒன்றைத்தான் தூக்க முடிந்தது. சோறு போட்ட மெஷினை மணலில் விட்டுவிட்டுக் கூறையை வயிற்றில் சுற்றிக்கொண்டு வந்தாய். சோதனையில் தடவிப் பார்த்த பொம்பிளை ஆமி இது என்ன என்று அவளுடைய பாசையில் கேட்டாள். கூறை என்றாய். விளங்காமல், போ என்று கையைக் காட்டினாள். மனுசன் இன்றைக்கும் மெஷினைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார், நீ கேளாதவள் மாதிரி இருப்பாய். இதையெல்லாம் இந்த வட்டத்தில் போட்டுடைக்கப் போகிறாயா சற்குணம்? போட்டுடைத்தால் அந்த நல்ல பேர் போகும், லோசினி காறித் துப்பலாம், கடையில் யாரும் வழிவிடமாட்டார்கள். போகட்டும், துப்பட்டும்! அவளுக்கு மூலையில் ஓடுகிற மின்விசிறிச் சத்தம் பெரிதாகி, திருவிழாவில் தேர் அசைகிறதற்கு முன்னால் வருமே ஒரு பதைப்பு, அது வந்தது. இழுங்கோ, இழுங்கோ, இனி நிற்க ஏலாது.

செம்பு லோசினியிடம் இருந்தது. வலக்கையில் பிடித்து, மடியில் வைத்து, அதற்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"மிஸ், நான் ஒண்டும் கொண்டு வரேல்ல. எல்லாம் அங்கயே போச்சு. கூறை ஒண்டு இருந்தது, அதையும் இந்த அக்காட்டைக் குடுத்து மூட்டை தைச்சாச்சு. அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. குடுக்கேக்கை யோசிச்சன், கலியாணத்துக்கு எடுத்தது பிள்ளையளைக் காப்பாத்துது, இதைவிட என்னத்துக்கு அது? அவ்வளவுதான் மிஸ்."

அவள் செம்பைச் சற்குணத்தின் பக்கம் நீட்டினாள். அடியில் ஒரு மிடறு தண்ணீர் ஆடியது. சற்குணம் வாங்கினாள். குடிக்கவில்லை. வழக்கம்போலப் பிறகு என்று சொல்லப்போகிறாள் என நினைத்து அடுத்தவள் கையை நீட்டிவிட்டாள், சற்குணம் செம்பைப் பாயில் வைத்தாள், பையின் முறுக்கை அவிழ்த்தாள், அந்துருண்டை மணம் குப்பென்று எழும்பியது, நான் அப்பவே சொன்னன் என்று கனகேஸ் அக்கா தொடங்கினாள், பிறகு அவள் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. அரக்கு நிறம் பாயில் விழுந்து விரிந்தது. ஜன்னல் வெயில் சரிகையில் பட்டு, மாங்காய்கள் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டன. ஐயோ வடிவு, ஐயோ என்ன வடிவு. இந்த நேரத்திலும் அவளுக்கு அதுதான் முதலில் தோன்றியது.

"லோசினி, இது உம்மட கூறை," என்றாள். குரல் அவளுக்கே உரத்துக் கேட்டது. "வெட்ட எனக்கு மனம்—" நிறுத்தினாள். "இல்லை. அது பொய். நான் ஆசைப்பட்டன். தோளில போட்டுக் கண்ணாடி பார்த்தன். உமக்குத் தந்த மூண்டு பையும் என்ர பழைய சேலை. ஆறு வந்திருக்க வேணும், லோசினி. நைஞ்சு போச்சு எண்டு சொன்னது பொய். வாசலுக்கு மூட்டை போதாமப் போனது என்னால."

சொல்லிவிட்டாள். தொண்டையில் முள் இல்லை, விழுங்கிப் பார்த்தாள், இல்லை. லோசினி கூறையைப் பார்த்தபடி இருந்தாள். வலக்கையால் தலைப்பைத் தேடி எடுத்து, ஓரத்தில் ஒரு இடத்தைத் தடவினாள், அங்கே பழைய எண்ணெய்ப் பொட்டு ஒன்று இருந்தது. கல்யாணத்தில் ஆலாத்தி விளக்கு எடுக்கும்போது பட்டதாக இருக்கும், சற்குணம் பதினைந்து வருசமாக அதைப் பார்த்து அப்படித்தான் நினைத்திருந்தாள். தடவிய விரல் அங்கேயே நின்றது.

"வெட்டச் சொல்லித்தானே தந்தனான்," என்றாள் லோசினி.

"ஓம்."

"வாசலுக்கு மூண்டு மூட்டை போதேல்ல அக்கா. பிள்ளையள் உள்ளுக்கை. நான் என்ன செய்யிறது? அந்த இடத்தில நான் குந்தியிருந்தனான். மூண்டு நாளும், ராவும் பகலும், முதுகைக் குடுத்துக்கொண்டு. மூட்டை இருக்கவேண்டிய இடத்தில நான் இருந்தனான்."

சற்குணத்துக்கு இது தெரியாது. பதினைந்து வருசமாக அந்த இடைவெளியை எத்தனையோ விதமாகப் பார்த்திருக்கிறாள், அதில் ஒரு தரமும் ஒரு பொம்பிளை உட்கார்ந்திருக்கவில்லை. ரூபி மிஸ் முன்னால் சரிந்து, எல்லாரும் ஒரு மூச்சு எடுப்பம் என்று மெதுவாகத் தொடங்கினாள். லோசினி குனிந்து பாயில் இருந்த செம்பை எடுத்தாள்.

"பொறுங்கோ மிஸ். செம்பு என்னட்டை இருக்கு."

அண்ணாந்து அந்தக் கடைசி மிடறைக் குடித்தாள். தொண்டை ஏறி இறங்குவதை எட்டுப் பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு சற்குணத்தைப் பார்த்தாள், அந்தப் பார்வையில் கோபம் இருந்தது, நல்ல சூடான கோபம், ஆனால் அது முகத்தைத் திருப்பிக்கொள்ளுகிற கோபமாக இல்லை.

"கத்தரிக்கோல் இருக்கோ அக்கா?"

இருந்தது. அது இல்லாமல் சற்குணம் எங்கே போயிருக்கிறாள்? கைப்பைக்குள் பழைய கண்ணாடிக் கூட்டில் எப்போதும் இருக்கும். "என்னத்துக்கு?" என்று கேட்டாள், கேட்கும்போதே தெரிந்துவிட்டது.

"ஆறு பை எண்டனீங்கள். எனக்கு ஆறு பை வேணும்."

"இப்ப மண் போடவோ, லோசினி?"

"மண் போடுவன், மரக்கறி போடுவன், அது என்ர பாடு. தந்த வேலையை முடிச்சுத் தாங்கோ."

கனகேஸ் அக்காவால் இதற்கு மேல் தாங்க முடியவில்லை. "பிள்ளை, எட்டுப் பேர் இருக்கிறமே, ஆளுக்கொண்டு—"

"அகலத்தைக் குறைச்சா எட்டு வரும்," என்று சற்குணத்தின் வாய் அவளைக் கேட்காமலே சொன்னது, முப்பது வருசத் தையல்காரியின் வாய்.

"குறைக்க வேண்டாம்," என்றாள் லோசினி. "ஆறு. அண்டைக்குச் சொன்ன அளவு."

கழுத்தில் அளவுநாடா இருந்தது, நல்லகாலம் கழற்றவில்லை. யசிந்தா ஒரு பக்கம் கரையைப் பிடித்தாள். மற்றப் பக்கத்தை லோசினி இடக்கையால் பிடித்து, அது எவ்வளவு எழும்புமோ அவ்வளவுக்குத் தூக்கினாள், நெஞ்சு மட்டத்துக்கு வந்தது, அங்கே நின்று நடுங்கியது. சற்குணம் முழங்காலில் நின்று ஒரு யார் அளந்தாள், நகத்தால் கீறி அடையாளம் வைத்தாள். இதைச் செய்தால் பெட்டிக்குள் இனி மனுசனின் கிழிந்த சாரம்தான் இருக்கும், கதவைச் சாத்த வேண்டியதில்லை. அழுதுகொண்டிருந்தாள், கை மட்டும் தன் வேலையைச் செய்தது. கத்தரியை இரட்டைப் பேட்டுக் கரையில் வைத்தாள். சரிகை முதலில் இடம் கொடுக்கவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு அமத்தினாள், கறுக்கென்று கரை விட்டது, பிறகு பட்டு, பிறகு பட்டு, இவ்வளவு இலேசாகவா என்று நினைக்கிற அளவுக்கு இலேசாக, ஒரே ஓட்டமாக மற்றக் கரைவரைக்கும் ஓடியது.

"ஒண்டு," என்றாள் லோசினி.